கழித்தல் 99

பைரஸ் என்ற பெயரில் ஒரு தரவுத்தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவில் தீவிரவாதத்தில் இறங்கிய தனிமனிதர்களின் வாழ்க்கையை அட்டவணையாக்கி வைத்திருப்பது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டார்ட்’ ஆய்வு மையம் அதைத் தொகுத்தது. ஒரு மனிதருக்கு ஒரு வரிசை. வயது, படிப்பு, வேலை, திருமணம், ராணுவப் பணி, பழைய குற்ற வழக்கு, மனநலம், நண்பர்கள், குடும்பம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள். வெள்ளை இனவாதிகள், இடதுசாரித் தீவிரவாதிகள், ஜிஹாதிகள், கருக்கலைப்பு எதிர்ப்பு போன்ற ஒற்றைப் பிரச்சினைக்காக ஆயுதம் எடுத்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. 1948-இல் தொடங்கும் பட்டியலில் இப்போது 3,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். கோப்பைத் திறந்து வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது: -99. தகவல் கிடைக்கவில்லை என்பதற்கான குறியீடு அது. அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது என்றால் -88.

தீவிரவாதம் பற்றிய ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது இந்த -99-ஐத்தான். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைக்கும் பழக்கம் இந்தத் துறைக்குத் தாமதமாகவே வந்தது. அது வருவதற்குள் நடந்தவை சில.

ஒருவர் எப்படித் தீவிரவாதி ஆகிறார் என்று அறிய நேரான வழி, அவரோடு பேசுவது. அது பெரும்பாலும் நடக்காது. பலர் சம்பவ இடத்திலேயே இறந்துபோகிறார்கள், சிலர் சிறையில் பேச மறுக்கிறார்கள், பேச நினைப்பவரையும் வழக்கறிஞர் தடுத்துவிடுகிறார். உளவுத்துறையிடம் கோப்புகள் இருக்கின்றன. அவை பல்கலைக்கழகத்துக்குள் வருவதில்லை. சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்து, பின்பு மனநல மருத்துவராக இருந்த மார்க் சேஜ்மன் 2014-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பிளவைத்தான் குறைசொன்னார்: ஆராயத் தெரிந்தவரிடம் தரவு இல்லை, தரவு உள்ளவருக்கு ஆராயத் தெரியவில்லை. எனவே ஆய்வாளர்கள் எல்லோருக்கும் கிடைப்பதைக் கொண்டு வேலை செய்கிறார்கள். நாளிதழ்ச் செய்தி, குற்றப்பத்திரிகை, எஃப்.பி.ஐ. அதிகாரி நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம், தண்டனைக்கு முன் இரு தரப்பும் எழுதித் தரும் மனுக்கள், தன்வரலாறு, முகநூல் பதிவு. சேஜ்மனே 2004-இல் வெளியிட்ட நூலுக்காக 172 பேரின் வாழ்க்கையை இப்படித்தான் சேர்த்தார். பெரும்பாலானோர் நட்பின் வழியாகவும் உறவின் வழியாகவுமே இயக்கத்துக்குள் போனார்கள் என்பது அவர் கண்டது. மூளைச்சலவை செய்ய யாரோ வருகிறார் என்ற கதைக்கு அவர் தரவில் அதிக இடமில்லை.

பத்திரிகை ஒன்றே பெரிய முடிவுக்குப் போதுமானதாக இருந்த சந்தர்ப்பமும் உண்டு. பொருளியலாளர் ஆலன் குரூகரும் யிட்கா மலெச்கோவாவும் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்தில் 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் இறந்த 129 போராளிகளின் விவரங்களை, பெரும்பாலும் அந்த இயக்கத்தின் வார இதழில் வந்த நினைவுக் குறிப்புகளிலிருந்து பெற்றார்கள். வறுமைதான் ஆயுதம் தூக்க வைக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். லெபனான் மக்களில் 33 விழுக்காட்டினர் ஏழைகள், இந்த 129 பேரில் 28 விழுக்காட்டினரே ஏழைகள் என்று கணக்கு காட்டியது. மேல்நிலைக் கல்வி வரை போனவர்களும் இவர்களில் கூடுதல். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு வெடிக்கச் செய்தவர்களில் இருவர் வசதியான மசாலா வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது இலங்கையில் எழுந்த திகைப்பு, இந்தக் கணக்கைப் படித்தவர்களுக்கு எழுந்திருக்காது. ஆனால் குரூகரின் தரவை எழுதியது இயக்கத்தின் சொந்தப் பத்திரிகை. இறந்தவரைப் பற்றி எந்த இயக்கமும் குறையாக எழுதாது. வேலையில்லாமல் திரிந்தார், திருடி மாட்டினார் என்பதெல்லாம் அஞ்சலிக் குறிப்பில் ஏறாது.

அந்தக் கணக்கில் ஒரு நல்ல அம்சம் உண்டு: ஒப்பிட நாட்டு மக்கள் இருந்தார்கள். அதுவும் இல்லாமல் செய்த வேலை நியூயார்க் காவல்துறையின் 2007 அறிக்கை. மாட்ரிட், லண்டன், ஆம்ஸ்டர்டாம், டொராண்டோ என்று மேற்கு நாடுகளில் நடந்த சில தாக்குதல்களையும் சதி வழக்குகளையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் தீவிரவாதி ஆவதற்கு நான்கு கட்டங்கள் உண்டு என்று அது வகுத்தது. அடையாளங்களும் தந்தது. புகைப்பதை, குடிப்பதை, சூதாடுவதை விடுவது, தாடி வளர்ப்பது, மரபான இஸ்லாமிய உடைக்கு மாறுவது. தாக்குதல் நடத்தியவர்களின் வாழ்க்கையில் இவை இருந்தன என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புகைப்பதை விட்டுவிட்டுத் தாடி வளர்த்து, பிறகு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் பிள்ளைகளைப் படிக்கவைத்து ஓய்வுபெற்ற லட்சக்கணக்கானவர்கள் அந்த அறிக்கையின் பார்வைக்கே வரவில்லை. குற்றம் செய்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி அவர்களுக்குப் பொதுவானதைத் தேடினால், எதுவும் காரணமாகத் தெரியும்.

இதே பிழையின் இன்னொரு வடிவம் தமிழர்களுக்கு நெருக்கமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை உலகில் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்தார். அரபி, ஹீப்ரு, ரஷ்ய மொழிகளோடு தமிழ் மூலங்களையும் படிக்க ஆள் வைத்திருந்தார். பட்டியலில் முதலிடம் 76 தாக்குதல்களுடன் விடுதலைப் புலிகளுக்கு. மார்க்சிய-லெனினியச் சாயலும் மதச்சார்பற்ற போக்கும் கொண்ட, இந்துக் குடும்பப் பின்னணியினர் நிறைந்த ஓர் இயக்கம் முதலிடத்தில் இருக்கும்போது தற்கொலைத் தாக்குதலுக்கு இஸ்லாம் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டார். மறுக்க முடியாத கேள்விதான். ஆனால் அதிலிருந்து அவர் தாவிய இடம், அந்நிய ஆக்கிரமிப்பே காரணம் என்பது. 2008-இல் ஸ்காட் ஆஷ்வொர்த்தும் மூன்று சக ஆய்வாளர்களும் இதில் கை வைத்தார்கள். தற்கொலைத் தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் பார்த்தால் அங்கே ஆக்கிரமிப்பு இருந்ததா என்று சொல்ல முடியும். ஆக்கிரமிப்பு இருந்தும் தாக்குதல் நடக்காத இடங்களைப் பார்க்காமல், எது எதை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரு தவறான விளக்கத்தை உடைக்க அந்தத் தரவு போதும். சரியான விளக்கத்தைக் கட்ட அது போதாது.

பைரஸ் இந்த இடத்தில்தான் வேறு மாதிரி யோசித்தது. தீவிரக் கருத்தால் உந்தப்பட்டுச் சட்டத்தை மீறியும் யாரையும் தாக்காதவர்களையும் பட்டியலில் சேர்த்தது. பணம் திரட்டிக் கொடுத்தவர், சட்டவிரோதமாக மறியல் செய்தவர், சொத்தைச் சேதப்படுத்தியவர் எல்லோரும் உள்ளே வந்தார்கள். நாட்டு மக்களோடு ஒப்பிட இது உதவாது. ஆனால் ஒரே கருத்தில் ஊறிய இருவரில் ஒருவர் கொலைக்குப் போக, மற்றவர் போகாமல் நின்றதைக் கேள்வியாக்க முடிகிறது. அந்தக் கேள்வி, எல்லோரிலும் யார் ஆபத்தானவர் என்ற கேள்வியைவிடச் சிறியது, நேர்மையானது.

கேரி லஃப்ரீயும் அவருடைய குழுவினரும் 1,473 பேரை வைத்து 2018-இல் வெளியிட்ட முடிவு: நிலையான வேலை இல்லாமை, தீவிரக் கருத்துள்ள நண்பர்கள், மனநலச் சிக்கலின் வரலாறு, பழைய குற்ற வழக்கு ஆகிய நான்கும் வன்முறையோடு சேர்ந்து வந்தன. படிப்பும் திருமணமும், தீவிரக் கருத்துள்ள குடும்பமும் சேர்ந்து வரவில்லை. கடைசியாகச் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. அப்பா எப்படியோ பிள்ளை அப்படி என்று நம் ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுவோம். இந்தக் கணக்கில் கூடப் பழகிய நண்பர்களுக்கு இருந்த எடை வீட்டுக்கு இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: வேலை, சகவாசம், பழைய வழக்கு ஆகிய மூன்றும் சாதாரணக் குற்றங்களைப் படிக்கும் குற்றவியலாளர் எப்போதும் சொல்லி வந்தவை. தீவிரவாதி தனிப் பிறவி என்ற எண்ணத்துக்கு இதில் ஆதரவு குறைவு.

இனி அந்த -99-க்கு வருவோம்.

ஓக்லஹோமா நகரில் 1995 ஏப்ரல் 19 அன்று அரசுக் கட்டடம் ஒன்றை வெடிவைத்து 168 பேரைக் கொன்ற டிமோத்தி மெக்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி அட்டவணை கேட்கும் எதற்கும் பதில் உண்டு. பெற்றோர் பிரிந்தது, வளைகுடாப் போரில் பதக்கம் வாங்கியது, சிறப்புப் படைத் தேர்வுக்குப் போய் இரண்டாம் நாளே விலகியது, காவலாளி வேலை, ராணுவத்தில் கிடைத்த நண்பர்கள், துப்பாக்கிச் சந்தைகளில் வெள்ளை இனவாத நாவல் ஒன்றை விற்றது, 1993-இல் வேகோவில் எஃப்.பி.ஐ. ஒரு மதக்குழுவை முற்றுகையிட்டிருந்த இடத்துக்கே போய் ஸ்டிக்கர் விற்றது. பஃபலோ நகரின் செய்தியாளர்கள் இருவர் அவரோடு பல மணி நேரம் பேசி ஒரு புத்தகமே எழுதினார்கள். மரணதண்டனை வழக்கு என்பதால் நீதிமன்றத்தில் குழந்தைப் பருவம் வரை பேசப்பட்டது. இதற்கு எதிரே, 1960-களில் ஒரு தேவாலயத்துக்குத் தீ வைத்து உள்ளூர்ச் செய்தித்தாளில் நாலு வரியில் முடிந்துபோனவனை நினைத்துப் பாருங்கள். பெயர், வயது, ஊர். மற்ற நெடுவரிசைகளில் எல்லாம் -99.

இந்த வெற்றிடங்கள் தற்செயலாக விழுந்தவை அல்ல. அமெரிக்க நீதிமன்றங்களில் மரணதண்டனை கேட்கப்படும் வழக்கென்றால், தண்டனையைக் குறைக்கும் முகாந்திரம் தேடுவதற்கென்றே தனி ஆட்களைப் பிரதிவாதித் தரப்பு அமர்த்துகிறது. அவர்கள் குடும்பத்தின் பல தலைமுறைக் கதையைத் தோண்டுகிறார்கள். அடி வாங்கிய சிறுவயது, குடிகாரத் தந்தை, சிகிச்சை பெற்ற மருத்துவமனைச் சீட்டு எல்லாம் பொதுவெளிக்கு வருவது அப்போதுதான். அரசு நிலத்தில் வேலியை வெட்டியதற்காக ஆறு மாதம் சிறை போனவருக்காக யாரும் அவருடைய பாட்டியைத் தேடிப் போகப்போவதில்லை. அவரும் சிறுவயதில் அடி வாங்கியிருக்கலாம். அட்டவணையில் அது ஏறாது. ஆக, கொன்றவர்கள் காயப்பட்டவர்களாகவும் கொல்லாதவர்கள் காயமே படாதவர்களாகவும் தெரிவதற்கு, வாழ்க்கை ஒரு காரணமென்றால் வழக்கின் கனம் இன்னொரு காரணம். குழந்தைப் பருவக் கொடுமை போன்ற நெடுவரிசைகளில் பெரும்பாலானோருக்குத் தகவலே இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் இது சிறிய சந்தேகமல்ல.

புள்ளியியலாளர்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. தெரிந்த விவரங்களை வைத்துத் தெரியாதவற்றுக்குப் பொருத்தமான மதிப்புகளைப் பல முறை இட்டு நிரப்பி, ஒவ்வொரு முறையும் முடிவு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். லஃப்ரீ குழுவினர் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் நிரப்பிப் பார்த்தார்கள், முடிவுகள் நின்றன. முறையான வேலை. ஆனால் இந்த வகை உத்திகள் பொதுவாக ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: ஒரு தகவல் ஏன் விடுபட்டது என்பதை, கையில் இருக்கும் மற்றத் தகவல்களே விளக்கிவிடும் என்பது. நிருபர் யார், வழக்கறிஞர் எவ்வளவு உழைத்தார், ஊர்ப் பத்திரிகை எத்தனை பக்கம் என்பவற்றுக்கு பைரஸில் நெடுவரிசை இல்லை.

மனநலத்துக்கான நெடுவரிசையைத் தனியாகப் பார்க்க வேண்டும். மருத்துவர் கண்டறிந்தது ஒரு குறியீடு, மற்றவர்கள் ஊகித்துச் சொன்னது வேறொரு குறியீடு என்று இரண்டையும் அது பிரித்து வைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் அண்டை வீட்டார் நிருபரிடம் “அவன் எப்பவுமே ஒரு மாதிரி” என்று சொல்வது குற்றம் வெளிவந்த பிறகுதான். யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தனியாகச் சுட்ட வெள்ளை இளைஞன் என்றால் மனநோய் பற்றிய பேச்சு உடனே தொடங்கிவிடும், முஸ்லிம் இளைஞன் என்றால் கொள்கை பற்றிய பேச்சு முந்திக்கொள்ளும். செய்தி எழுதுபவரின் இந்தச் சாய்வு, எண்ணாக மாறி, ஆய்வாளரின் கையில் அந்த மனிதரின் குணமாகிவிடுகிறது.

சமூக ஊடகத்தின் கதையும் இதுவே. 2016-இல் பட்டியலில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் மாற்றத்தில் சமூக ஊடகத்துக்கு ஏதோ ஒரு பங்கு இருந்தது என்று ஸ்டார்ட் மையம் கணக்கிட்டது. பத்தாண்டுக்கு முன் அது மிகச் சொற்பம். ஏற்றம் உண்மைதான், எல்லோரும் அங்கே குடிபோன காலம் அது. ஆனால் அதே காலத்தில்தான் அரசு வழக்கறிஞர்கள் முகநூல் பதிவுகளை ஆதாரமாகப் பிரமாணப் பத்திரத்தில் அச்சடித்து இணைக்கத் தொடங்கினார்கள். 1985-இல் ஒருவர் மதுக்கடையில் உட்கார்ந்து பேசியதை யாரும் பதிவு செய்யவில்லை. இணையம் மனிதரை மாற்றியதன் அளவும், மாறியதற்குச் சான்று விட்டுப்போனதன் அளவும் அந்த 90-க்குள் கலந்து கிடக்கின்றன. சான்று கிடப்பது வேறு, அதை ஒருவர் படிப்பது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். இலங்கை ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய காத்தான்குடியின் சஹ்ரான் ஹாஷிம் தமிழில் பேசிய காணொளிகள் இணையத்தில் பொதுவாகவே கிடந்தன. இலங்கை முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அவரைப் பற்றி அதிகாரிகளிடம் முன்பே எச்சரித்தும் இருந்தார்கள்.

பட்டியலுக்குள் யார் வருகிறார் என்பதிலும் சிக்கல் உண்டு. கைது, குற்றச்சாட்டு, சம்பவத்தில் இறப்பு, தடைசெய்யப்பட்ட அமைப்பில் சேர்வது போன்றவை நுழைவுச்சீட்டுகள். இவற்றில் பெரும்பாலானவற்றை வழங்குவது காவல்துறை. 2001-க்குப் பிறகு எஃப்.பி.ஐ. எங்கே தேடியதோ அங்கேயே அதிகம் கிடைத்தார்கள். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் 500-க்கும் மேற்பட்ட பயங்கரவாதத் தண்டனைகளைப் பற்றிய ஆய்வுகளை மேற்கோள் காட்டி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழப் பாதி வழக்குகளில் போலீஸ் உளவாளி இருந்ததையும், சுமார் 30 விழுக்காட்டில் அந்த உளவாளியே சதியில் முனைப்பாகப் பங்கெடுத்ததையும் காட்டியது. நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் ஊரில் 2009-இல் கைதான நால்வரை எடுத்துக்கொள்ளலாம். ஏழைகள், சிறைக்குப் போய் வந்தவர்கள். இரண்டரை லட்சம் டாலர் தருவதாக ஆசை காட்டியவர் எஃப்.பி.ஐ.யின் ஆள், போலிக் குண்டும் அவர் வழியாகவே வந்தது. 25 ஆண்டுத் தண்டனை விதித்த அதே நீதிபதி 2023-இல் அவர்களில் மூவரைக் கருணை அடிப்படையில் விடுவிக்க உத்தரவிட்டார். கொல்லத் திட்டமிட்டு இடையில் தடுக்கப்பட்டதும் பைரஸின் விதிப்படி வன்முறைதான். இப்படியொருவர் அட்டவணையில் ஏறினால் வேலையின்மைக்கு 1, பழைய குற்றத்துக்கு 1, வன்முறைக்கு 1. நான்கு காரணங்களில் இரண்டு இங்கேயே உறுதியாகிவிடும். அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது? வேலையில்லாதவர்கள் வன்முறைக்குப் போனார்களா, வேலையில்லாதவர்களாகப் பார்த்து உளவாளி போனாரா?

தொகுத்தவர்களுக்கு இவை தெரியாதவை அல்ல. ஆனால் எண்ணைக் கையில் வாங்கியவர்கள் செய்வது வேறு. ஆய்வாளர் “சேர்ந்து வருகிறது” என்று எழுதியதை நிர்வாகி “அறிகுறி” என்று படிக்கிறார். பிரிட்டனில் சிறை உளவியலாளர்கள் தண்டனை பெற்ற கைதிகளை மதிப்பிட 22 அம்சங்கள் கொண்ட ஒரு வழிகாட்டியை உருவாக்கினார்கள். அதன் வழிவந்த படிவம், எந்தக் குற்றமும் செய்யாதவர்களைச் சோதிக்கவும் பயன்பட்டது. 2015-இல் வந்த சட்டம் சந்தேகத்துக்குரியவர்களைக் கவனிக்கும் கடமையைப் பள்ளிகள் மேலும் மருத்துவமனைகள் மேலும் சுமத்தியது. அடுத்த ஓராண்டில் 7,631 பேரைப் பற்றித் தகவல் போனது. 381 பேருக்கு மட்டுமே சிறப்பு உதவி அளிக்கப்பட்டது. இது எங்கும் நடக்கக்கூடியதுதான். 10 லட்சம் பேரில் 100 பேர் ஆபத்தானவர்கள், நம்மிடம் 99 விழுக்காடு சரியாகச் சொல்லும் சோதனை இருக்கிறது என்று கொள்வோம். 99 பேரைப் பிடிக்கும். கூடவே ஒன்றும் அறியாத 9,999 பேரையும் பிடிக்கும். உண்மையில் அப்படிப்பட்ட சோதனை எவரிடமும் இல்லை. மெக்வேயோடு வளைகுடாப் போருக்குப் போய் வந்த அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர்.

நியூயார்க் காவல்துறையின் அறிக்கைக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் முஸ்லிம்களின் கடைகள், மசூதிகள், மாணவர் சங்கங்களை அந்தத் துறையின் தனிப் பிரிவு ரகசியமாகக் கண்காணித்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் 2011-இல் அதை வெளிக்கொண்டுவந்து புலிட்சர் பரிசு பெற்றார்கள். ஆறு ஆண்டுக் கண்காணிப்பிலிருந்து ஒரு பயங்கரவாத விசாரணைகூடத் தொடங்கவில்லை என்று மூத்த அதிகாரி ஒருவர் 2012-இல் சத்தியப் பிரமாணத்தின் கீழ் ஒப்புக்கொண்டார். வழக்கு சமரசமானபோது அறிக்கையை இணையதளத்திலிருந்து நீக்கக் காவல்துறை சம்மதித்தது.

அந்த நீக்கம் நல்லது. இப்போது நடப்பவை வேறு வகை. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது நடந்த தாக்குதலுக்காக ஏறத்தாழ 1,600 பேர் மேல் வழக்குப் பதிவானது. தீவிரமயமாதலைப் படிப்பவர்களுக்கு இவ்வளவு ஆவணம் ஒரே நாளைப் பற்றிக் கிடைத்ததில்லை. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் அவர்களில் பெரும்பாலோருக்கு மன்னிப்பு வழங்கினார். சில நாட்களில் அந்த வழக்குகளின் பட்டியல் அரசின் நீதி அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து மறைந்தது. செப்டம்பரில், 1990-க்குப் பிறகு கொள்கையின் பெயரால் அதிகம் கொன்றது தீவிர வலதுசாரிகளே என்று எடுத்துச்சொன்ன ஒரு கட்டுரையும் அதே அமைச்சகத்தின் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. இத்தகைய தரவுத்தொகுப்புகளை உருவாக்கவும் ஆராயவும் பல ஆண்டுகள் நிதி தந்து வந்தது அந்த அமைச்சகத்தின் ஆய்வுப் பிரிவுதான்.

தரவு காணாமல் போவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. ஸ்டார்ட் மையம் பராமரித்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தின் அடிப்படை, பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனம் 1970 முதல் கையால் எழுதிச் சேர்த்த அட்டைகள். அலுவலகம் மாற்றும்போது 1993-ஆம் ஆண்டுக்கான அட்டைகள் தொலைந்தன. எவ்வளவு முயன்றும் அந்த ஓராண்டை முழுதாக மீட்க முடியவில்லை; இன்றும் அந்தத் தரவில் 1992-க்கு அடுத்து 1994 வருகிறது. ஜனவரி 6-க்கு அந்த நிலை வராமல் இருப்பதற்குக் காரணம், நீதிமன்றப் பதிவேடுகள் நீதி அமைச்சகத்தின் கையில் இல்லை என்பது. இன்னொரு காரணம், பெயர் வெளியிடாத பொதுமக்கள் பலர். அன்றைய காணொளிகளைத் தரவிறக்கி, முகங்களை அடையாளம் கண்டு எஃப்.பி.ஐ.க்கு அனுப்பியவர்கள். கொடுத்ததற்கெல்லாம் தங்களிடமும் ஒரு நகல் வைத்துக்கொண்டார்கள்.